புலியின் உள்பக்கம்

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். ஐந்து வயதில், எடுத்துவிட வேண்டிவரும் என்று டாக்டர் சொன்ன வலது கையைத் தன் உடம்பிலேயே வைத்துக்கொண்டாள். ஏழு வயதில் அந்தக் கையாலேயே சட்டைப் பொத்தான் மாட்டிக்கொண்டாள். பிரேக்கை இடப்பக்கம் மாற்றிவைத்து சைக்கிள் ஓட்டினாள். தெருப் பிள்ளைகள் கேலிக்கு வைத்த பட்டப்பெயரை, பெரியவர்கள் மரியாதையாகக் கூப்பிடும் பெயராக ஆக்கிக்கொண்டாள். கடைசியாக, பெண் யாரும் கால்வைக்காத ஒரு பெயின்ட் அறையின் சுவரில் தனக்கென்று ஓர் ஆணி வாங்கினாள்.

ஆணி என்றால் சாதாரண இரும்பு ஆணிதான். அந்த அறையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் சுவரில் ஓர் ஆணி உண்டு. அதில் அவரவர் மேலங்கி தொங்கும். மேலங்கியின் பையில் அவரவர் தூரிகை இருக்கும். அடுத்தவர் ஆணியில் யாரும் ஒரு கைக்குட்டையைக்கூட மாட்டமாட்டார்கள். ஆணி இருக்கிறவர் பெயின்டர். இல்லாதவர் எத்தனை வருடம் அங்கே உழைத்தாலும் வெளி ஆள்தான். இது தெரிந்திருந்தால் போதும், மற்றதை நான் வரிசையாகச் சொல்லிவிடுவேன்.

நாங்கள் அக்கா தங்கை இரண்டே பேர். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா ஒரு ரொட்டிக் கடையின் பின்கட்டில் மாவு பிசைந்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் எங்களையும் கூட்டிக்கொண்டு போவாள். மாவுத் தட்டுகளை அடுக்கி அப்படியே அடுப்புக்குள் தள்ளுவதற்கு ஆள் உயரத்தில் ஒரு கம்பிச் சட்டம் இருந்தது, கீழே சக்கரம் வைத்தது. ஒருநாள் அதை அப்போதுதான் வெளியே இழுத்து நிறுத்தியிருந்தார்கள். தரையில் சிந்திய எண்ணெயில் சின்னவள் வழுக்கினாள். விழாமலிருக்கக் கையை நீட்டினாள். கைக்குக் கிடைத்தது அந்தச் சட்டம். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை, கையின் உட்புறத்தில், கம்பி கம்பியாகச் சூடு விழுந்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளே மடங்கியவை மடங்கியவைதான். கொக்கி போல இன்றுவரை அப்படியே இருக்கின்றன.

ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும் நேரத்துக்கென்றே அம்மா ஒரு கதை வைத்திருந்தாள். எங்கேயாவது கேட்டதா, தானே கட்டியதா என்று கேட்டால் சொல்லமாட்டாள்.

முன்னொரு காலத்தில் புலிக்கு வரி கிடையாதாம். உடம்பு முழுக்க ஒரே பொன்னிறம். அந்தத் திமிரில், என்னைக் கட்டிப்போடும் கயிறு இன்னும் திரிக்கப்படவில்லை என்று காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்ததாம். கயிறு விற்கிற ஒருவன், சும்மா ஒரு தடவை கட்டிப் பார்க்கட்டுமா என்று பணிவாகக் கேட்டான். புலி, கட்டிக்கொள் என்று சோம்பல் முறித்துப் படுத்தது. அவன் கழுத்தில் ஆரம்பித்துச் சுற்றினான். முதுகுமேல் போன கயிறு வயிற்றுக்கு அடியில் வந்து மறுபடி முதுகுக்குப் போனது. வால் நுனிவரை சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, விற்காத மிச்சக் கயிற்றோடு வீட்டுக்குப் போய்விட்டான். அன்றைக்கென்று பார்த்துக் காட்டில் தீ. மற்ற மிருகமெல்லாம் ஓடின. புலியால் அசைய முடியவில்லை. தீ வந்து கயிற்றைப் பிடித்தது. கயிறு எரிந்து, சாம்பலாகி, உதிர்ந்தது. புலி எழுந்து உடம்பை உதறிக்கொண்டு நடந்து போய்விட்டது. கயிறு இருந்த இடமெல்லாம் கறுப்பு வரி.

முடிவை மட்டும் அம்மா எப்போதும் ஒரே மாதிரி சொல்வாள்.

"வலிச்சுது, இல்லேன்னு சொல்லலை. ஆனா செத்தது கயிறுதான் கண்ணு. புலி இல்லை."

அந்த இடம் வருவதற்குள் நர்ஸும் கட்டை முடித்துவிடுவாள். கொஞ்ச நாளில் நர்ஸே, அம்மா வந்து கதையை ஆரம்பிக்கட்டும் என்று காத்திருக்கப் பழகிவிட்டாள்.

சின்னவளுக்குக் கதையில் ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. பின்பக்கமும் சுற்றினானா என்று கேட்பாள். சுற்றாமல் என்ன, கயிறு ஒரு பக்கமாக நிற்குமா என்பாள் அம்மா. உடனே இவள் கட்டுப்போட்ட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எனக்கு ஒரு பக்கம்தான் இருக்கிறது என்று குறைப்படுவாள். நீ குட்டிப் புலி, உனக்கு அது போதும் என்று அம்மா போர்வையை இழுத்துவிடுவாள்.

தெருவுக்குத் தெரிந்திருந்தது வேறு கதை. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்பார்களே, அது. கட்டுப் பிரித்து அவள் வெளியே விளையாட வந்த முதல் நாளே 'சூட்டுப்பூனை' என்று பேர் வைத்துவிட்டார்கள். அவள் அழவில்லை. அப்படிக் கூப்பிட்டவனைத் துரத்திப் பிடித்து, நல்லாயிருந்த இடது கையால் பிறாண்டிவிட்டு, "பூனைன்னா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்கப்புறம் சூடு உதிர்ந்து வெறும் பூனை ஆயிற்று. வீட்டில் நானும் அம்மாவும் தவிர, எங்கள் மாமா உட்பட எல்லோருக்கும் அவள் பூனைதான்.

ஒன்றில் மட்டும் அவள் தோற்றாள். பள்ளிக்கூடத்தில் பென்சில் பிடிக்க மூன்று விரல் வேண்டும், அதைத் தாங்க மற்ற இரண்டும் மடிய வேண்டும், நிமிர வேண்டும். இவள் பிடித்தால் எழுத்து நண்டு நடந்த மாதிரி வரும். டீச்சர் திட்டவில்லை, ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதோடு பென்சிலைக் கீழே வைத்தவள்தான். படிப்பதில் குறையில்லை. செய்தித்தாளை விளம்பரம் உட்பட விடாமல் படிப்பாள். எழுத மட்டும் மாட்டாள். கையெழுத்து என்று யார் கேட்டாலும் இடது கட்டைவிரலை நீட்டிவிடுவாள். ஒருமுறை தபால்காரர், மறுகையில் இருந்த செய்தித்தாளைப் பார்த்துவிட்டு, அதைப் படம் பார்க்கவா வைத்திருக்கிறாய் என்று கேட்டார். ஆமாம், இன்றைக்குப் படம் நன்றாக இருக்கிறது என்றாள்.

நான் எட்டாவதோடு நின்று தையல் கற்றேன். மூன்றாவது மாடியில் எங்கள் அறையின் ஜன்னலோரம் மெஷின் போட்டேன். சின்னவளுக்கு ஊசி நூல் ஒத்துவரவில்லை. மாமாதான் தான் வெல்டராக இருந்த பட்டறையில் சேர்த்துவிட்டார். குழந்தைகள் ஏறிச் சுற்றும் குடைராட்டினங்களுக்கு மிருகம் செய்யும் பட்டறை அது. குதிரை, சிங்கம், புலி, ஒட்டகம் எல்லாம் ஃபைபரில் இரண்டு பாதியாக அச்சில் வார்ப்பார்கள். இரண்டையும் சேர்த்து ஒட்டி, ஒட்டிய இடத்தில் பட்டி பூசி, உப்புத்தாளால் வழவழவென்று தேய்ப்பார்கள். தேய்த்ததும் பெயின்ட் அறைக்குப் போகும். தேய்க்கிற இடம்தான் சின்னவளுக்கு.

மாலை டீ நேரத்தில் அங்கேயும் புலிக் கதைதான் ஓடும், புலி நிறைய வார்க்கிற பட்டறை ஆயிற்றே. கூண்டுக்குள் ரொம்ப நாள் நின்ற புலிமேல் கம்பி நிழல் ஒட்டிக்கொண்டது என்பார் மாமா. கூண்டு செய்து கொடுத்தவர்களே அவருடைய வெல்டர் சாதியாம், அதனால் கதை அவர்களுக்குத்தான் சொந்தமாம். பெயின்ட் மேஸ்திரி, அதெல்லாம் இல்லை, உயரமான புல்லுக்குள் படுத்துத் தூங்கிய புலியை வெயில் சுட்டது, புல் மறைத்த இடம் பொன்னிறமாக நின்றது, மற்ற இடம் கறுத்தது என்பார். பெயின்ட் கொண்டுவரும் வியாபாரி சிறு வயதில் கப்பலில் வேலை பார்த்தவர். ஒரு தேசத்தில் புலியின் நெற்றிக் கோடுகளை 'அரசன்' என்கிற எழுத்தாகப் படிக்கிறார்கள் என்று அவர் சொன்னார். ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு வராது, அது கையெழுத்துப் போட்டுக்கொண்டேதான் பிறக்கிறது என்றும் சொன்னார்.

இதையெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டில் எங்களுக்குச் சொல்வாள். அம்மாவின் கதையை மட்டும் அங்கே சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, அது ஆஸ்பத்திரிக் கதை என்றாள்.

அவளுக்குத் தூரிகை வந்தது தற்செயல்தான். மாமா வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரு பழைய தூரிகையை எடுத்து மடங்கிய இரு விரலுக்கும் உள்ளே சொருகினாள். பென்சில் நிற்காத கையில் அது அளவெடுத்துச் செய்த மாதிரி நின்றது. விரலை அசைக்க முடியாததால் முழங்கையோடு திருப்பினாள். கோடு மெலிதாகத் தொடங்கி, நடுவில் பருத்து, மறுபடி மெலிந்து முடிந்தது. புலி வரி அப்படித்தான் இருக்கும். அன்றிலிருந்து என் தலையணை நீளத்தில் ஓர் உருளைக்குக் கழிவுத் துணியைச் சுற்றி, என் தையல் சுண்ணாம்பைப் பொடித்து அந்தத் தூரிகையால் தொட்டுச் சுற்றிச் சுற்றி வரி போடுவாள். மறுநாள் துணியைத் தட்டிவிட்டு மறுபடி போடுவாள். எனக்குச் சுண்ணாம்பு தீர்ந்துகொண்டே இருந்தது. கோடு போட்ட துணியில் சட்டை தைத்தால் பக்கத் தையலில் முன்கோடும் பின்கோடும் சேர வேண்டும். சேராவிட்டால் பிரித்துவிடுவது என் வழக்கம். அதைப் பார்த்துத்தானோ என்னவோ, உருளையின் அடியில் தன் கோடுகள் சேர்கின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொள்வாள்.

விளையாட்டு வினையாக வேண்டியிருந்தது. உப்புத்தாள் தூசி பழைய தழும்பில் ஏறித் தோல் வெடிக்க ஆரம்பித்தது. தேய்க்கிற வேலை இனி ஆகாது, விட்டுவிடு என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அந்தப் பட்டறையில் தூசி இல்லாத இடம் பெயின்ட் அறை ஒன்றுதான். ஆக, ஆணி, இல்லையென்றால் வீடு. அவளுக்கு வீடு என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் தைப்பதைப் பார்ப்பது. அவள் எனக்குப் பாரமாக இருப்பாள் என்று நான் நினைத்ததில்லை. அவள் நினைத்தாள்.

அந்தச் சமயம் ஒரு புதிய பூங்காவுக்குப் பன்னிரண்டு மிருகம் செய்ய வேண்டிவந்தது. பெயின்டர்களில் ஒருவர் வேலையை விட்டுப் போயிருந்தார். மாமா மேஸ்திரியின் காலைச் சுற்றிச் சுற்றி வந்தார். உன் அக்கா பெண் தூரிகை பிடிப்பாளா, தூரிகை அவளைப் பிடிக்குமா என்று மேஸ்திரி கேலி செய்தார். கடைசியில், ஒரு புலி தருகிறேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வார்னிஷுக்குப் போக வேண்டும், நன்றாக வந்தால் ஆணி அடிக்கலாம் என்று இறங்கிவந்தார்.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்ததை இங்கே சொல்ல வேண்டும். ராட்டினம் சுற்றும்போது மிருகத்தின் ஒரு பக்கம்தான் வெளியே வேடிக்கை பார்க்கிறவர்களுக்குத் தெரியும். மறுபக்கம் நடுத்தூணையும் மோட்டாரையும் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் வெளிப்பக்கத்துக்கு முழு வேலை. உள்பக்கத்துக்கு அடிவண்ணம் பூசி, ஒப்புக்கு நாலு கோடு. அந்த ஊர் ராட்டினமெல்லாம் ஒரே திசையில் சுற்றியதால் எப்போதும் வலப்பக்கம் வெளிப்பக்கம், இடப்பக்கம் உள்பக்கம். யாரும் யோசித்ததில்லை, கேட்டதுமில்லை.

சின்னவளுக்கும் அந்த வழக்கம் தெரியும். வெளிப்பக்கத்தை வியாழக்கிழமையே முடித்துவிட்டாள். மேஸ்திரி பார்த்துத் தலையாட்டினார் என்று மாமா ஓடிவந்து சொல்லிவிட்டுப் போனார். அன்று அம்மா என்னிடம், மேலங்கிக்குத் துணி இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டாள். நான் ஏற்கெனவே வெட்டிவைத்திருந்தேன். அவள் இடது கையால் எடுப்பதற்குத் தோதாகப் பையை இடப்பக்கம் வைத்து.

வெள்ளிக்கிழமை ஒப்புக்கு நாலு கோடு போட உட்கார்ந்தவள், முதல் கோட்டை முதுகிலிருந்து இறக்கினாள். அது வயிற்றுக்கு அடியில் போய் மறுபக்கத்துக் கோட்டோடு சேர்ந்தது. அடுத்ததை விட மனம் வரவில்லை. அதற்கடுத்ததையும். சாயங்காலம் வார்னிஷ்காரர் வந்து நின்றபோது பாதி உள்பக்கம் முடிந்திருந்தது, பாதி ஈரமாக இருந்தது. சனிக்கிழமையும் போயிற்று. வார்னிஷ்காரர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை லாரி வந்து நின்றபோது பதினொரு மிருகம் தயார், ஒரு புலி இன்னும் காய்ந்துகொண்டிருந்தது.

மேஸ்திரி புலியைச் சுற்றி வந்தார். எல்லோரும் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள்.

"இதை யாரு பாக்கப் போறா? மோட்டாரா?"

பட்டறை சிரித்தது. அவள் தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சொன்ன வேலையைச் சொன்ன நேரத்துக்குச் செய்யத் தெரியலை, இதுல அலங்காரம் வேற. புலியைப் பாத்துப் பூனை சூடு போட்டுக்கிச்சாம்."

அவர் அவள் கையை நினைத்துச் சொன்னாரோ, வாய்க்கு வந்த பழமொழியைச் சொன்னாரோ தெரியாது. ஆனால் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது என்று மாமா சொன்னார். புலி பிறகு தனியாக ஒரு வண்டியில் போய்ச் சேர்ந்தது. ஆணி அடிக்கவில்லை.

அவள் இன்னும் சில நாள் உப்புத்தாளோடு போய்வந்தாள். ஒரு சாயங்காலம் கைக்குட்டையில் ரத்தத்தோடு வந்து, மறுநாள் போகவில்லை. உள்பக்கத்தை ஏன் போட்டேன் என்று அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "கதைக்காகப் போட்டேன்னு எப்படிக்கா சொல்றது?" என்றாள். நான் துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

மாமா வந்தார். அம்மாவின் கையால் டீ குடித்துவிட்டு, இவள் பிடித்த முயலுக்கு மூணே கால், நாலாவது காலை நான்தான் தேடிக்கொண்டு அலைகிறேன் என்று அலுத்துக்கொண்டார். மேஸ்திரியிடம் போய் ஒரு வார்த்தை தப்பு என்று சொல்லிவிட்டால் வேறு ஏதாவது வேலை பார்த்துத் தருவார் என்றார். அவள் தப்பு என்று சொல்ல மறுத்துவிட்டாள். நேரம் ஆனது தப்பு, அதைச் சொல்கிறேன், வரி போட்டது தப்பில்லை என்றாள். அம்மா நடுவில் புகுந்து, அவளை விடு என்று தம்பியை அடக்கினாள். மேலங்கியை நான் மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன்.

அடுத்த முறை மாமா படியேறியபோது அவரால் பேச முடியவில்லை. மூச்சு வாங்கியதா சிரிப்பா என்று முதலில் தெரியவில்லை. பூங்காவில் மிருகங்களைப் பொருத்தும் வேலைக்குப் போயிருந்தார். பன்னிரண்டையும் முன்னோக்கி நிறுத்தி, போல்ட்டு முறுக்கி, சுவிட்சைப் போட்டார்கள். ராட்டினம் மறுதிசையில் சுற்றியது. மிருகமெல்லாம் பின்னால் பின்னால் போயின. பூங்காக்காரர்கள் மெஷினை வேறெங்கோ வாங்கியிருக்கிறார்கள். அது நம்முடையதற்கு எதிர்த்திசையில் ஓடுகிற சாதி. இவர்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மோட்டாரைத் திருப்பிவிடலாமே என்றால், பின்பக்கமாக ஓடாமல் பிடிக்கிற பல்லும் பிரேக்கும் உள்ளே இருக்கிறது, திருப்பினால் உடையும் என்று மெஷின்காரர் கைவிரித்துவிட்டார். சரியென்று மிருகங்களைத் திருப்பி நிறுத்தினார்கள். இப்போது எல்லாம் முன்னோக்கிப் போயின. ஆனால் இடப்பக்கம் வெளியே வந்துவிட்டது. சேணம் இல்லாத குதிரை, பிடரிமயிர் இல்லாத சிங்கம், ஒப்புக்கு நாலு கோடு போட்ட மூன்று புலி வரிசையாக ஜனங்கள் நிற்கப்போகிற பக்கம் பார்த்துக்கொண்டு வந்தன.

"நம்ம பட்டறை முதலாளி புலிவாலைப் பிடிச்ச ஆளு மாதிரி நிக்கறாரு. திறப்பு விழா தேதி வேற குடுத்தாச்சு. சுத்திச் சுத்தி வருது, ஒண்ணு மாத்தி ஒண்ணு மொட்டையா வருது. அப்புறம் பூனையோட புலி வந்துச்சு பாரு."

சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை மேஸ்திரியே எங்கள் மூன்று மாடியும் ஏறி வந்தார். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. மெலிந்த மனிதர், நகக்கண்ணில் எல்லா வண்ணமும் இருந்தது. துணி வெட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து அம்மா கொடுத்த தண்ணீரை முழுக்கக் குடித்தார். மூலையில் இருந்த வரி போட்ட உருளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சமாதானமாக எதுவும் சொல்லவில்லை. கணக்கு மாதிரி ஆரம்பித்தார்.

"பதினோரு மிருகத்துக்கும் இடப்பக்கம் முழுசா அடிக்கணும். என்கிட்ட ரெண்டே ஆளுதான்."

"சரி மேஸ்திரி."

"உன்னுதைத் தொட வேணாம்."

அவர் டம்ளரைத் தரையில் வைத்தார்.

"மெஷின் மாறி ஓடும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்குப் போட்டே?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"கயிறை ஒரு பக்கமா கட்ட முடியாது மேஸ்திரி."

அவருக்கு விளங்கவில்லை. அம்மாதான் கதையைச் சொன்னாள், ஆஸ்பத்திரியில் சொன்ன அதே மாதிரி, நிதானமாக, கயிறு வயிற்றுக்கு அடியில் போய் முதுகுக்கு வருவதைக் கையால் சுற்றிக் காட்டி. கடைசி வரியையும் சொன்னாள். மேஸ்திரி குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு, நான் கேட்டது புல் கதை, அதில் கயிறு வராது என்றார்.

"புல்லு மட்டும் ஒரு பக்கமாவா இருந்திருக்கும்?" என்றாள் அம்மா.

அவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்குப் பழமொழி சொன்னேன் பார், அது என் வாய்க் கொழுப்பு என்றார். எழுந்து, மத்தியானம் வண்டி வரும், தயாராக இரு என்றார்.

"எனக்கு ஆணி வேணும்."

எனக்கு மெஷின் மிதித்த கால் நின்றுவிட்டது. வந்த வாய்ப்பைக் கெடுத்துக்கொள்கிறாளே என்று அம்மாவின் முகமும் மாறியது. மேஸ்திரி வாசலில் திரும்பி நின்றார்.

"முதல்ல வேலையை முடி. அப்புறம் பாக்கலாம்."

"போன தடவையும் அப்படித்தான் மேஸ்திரி. இந்தத் தடவை ஆணி அடிச்சா வரேன்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். அதை மறைக்காமல் அப்படியே தொங்கவிட்டு நின்றிருந்தாள்.

"சுத்தியல் உன் மாமன்கிட்டதானே இருக்கு. அடிக்கச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

பட்டறைக்குப் போனவள், மாமா அடித்த ஆணியில் நான் தைத்த மேலங்கியை மாட்டினாள், நின்று பார்த்தாள், உடனே எடுத்துப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள். போல்ட்டு முறுக்கிய மிருகங்களை மறுபடி கழற்ற நேரமில்லை. பூங்காவிலேயே தார்ப்பாய் கட்டி நாலு பேராக அடித்தார்கள். மூன்று புலிக்கும் வரி போட்டது அவள். மேஸ்திரி குதிரைகளைப் பார்த்துக்கொண்டார். அவளும் மாறியிருந்தாள், அதையும் எழுத வேண்டும். முதலிலேயே ஒவ்வொரு புலிக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று அவரிடம் சொன்னாள், சொன்ன நேரத்தில் முடித்தாள்.

பட்டறையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. வரிசையில் முன்னால் நிற்கும் குதிரையின் குளம்பில் மேஸ்திரி தன் பேரை எழுதுவார். வேறு யாரும் எழுதுவதில்லை. வேலை முடிந்த நாளில் அவர் குளம்பில் எழுதிவிட்டு எழுந்து, அதே கறுப்பு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாராம்.

"உன் புலியில நீ போடு."

"கைநாட்டு வைக்கட்டுமா மேஸ்திரி?"

"புலிக்கா?" என்று கேட்டாராம் அவர். மாமா அதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டதால், அதற்குப் பிறகு நடந்ததை அவர் சரியாகப் பார்க்கவில்லை. அவள் புலிக்கு அடியில் மல்லாந்து படுத்தாள் என்பது மட்டும் தெரியும் என்றார். அன்று அவள் வீட்டுக்கு வந்தபோது மேலங்கியின் முதுகில் மண் ஒட்டியிருந்தது.

திறப்பு அன்று நானும் அம்மாவும் போனோம். ராட்டினம் மெதுவாகக் கிளம்பியது. குதிரை வந்தது, சிங்கம் வந்தது, புலிகள் வந்தன. எது அவளுடைய முதல் புலி என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. அம்மா அதை அடையாளம் கண்டு, அது சுற்றி மறைந்து மறுபடி வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஒரு சின்னப் பெண் தன் அப்பாவிடம், புலிக்கு ஏன் கோடு என்று கேட்டாள். அவர் தெரியாது என்றார். அம்மா அந்தப் பக்கம் நகர்வதை நான் பார்த்தேன். கதை ஆரம்பமாகிவிட்டது.

ராட்டினம் நின்று பிள்ளைகள் இறங்கியதும் நான் மேடையில் ஏறிக் குனிந்தேன். அது என் தொழில் புத்தி, பக்கத் தையலைப் பார்க்காமல் எதையும் விடமாட்டேன். இரண்டு பாதியும் ஒட்டிய இடத்தில் கையால் தடவிப் பார்த்தேன். வலப்பக்கத்திலிருந்து வந்த ஒவ்வொரு வரியும் இடப்பக்கத்து வரியோடு சேர்ந்திருந்தது. ஒன்றுகூட விலகவில்லை. பிரிக்க வேண்டியது எதுவும் இல்லை.

வயிற்றின் நடுவில் இரண்டு வரிக்கு இடையே அவள் பெயர் இருந்தது. பூனை இல்லை, அப்பா வைத்த பெயர். எழுத்து ஒவ்வொன்றும் மெலிதாகத் தொடங்கி, நடுவில் பருத்து, மெலிந்து முடிந்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வரியோடு வரியாகத்தான் தெரியும். எனக்குப் பின்னால் அவள் வந்து நின்றது நிழலில் தெரிந்தது. எழுத்து சேர்ந்திருக்கிறதாக்கா என்று கேட்டாள். சேர்ந்திருக்கிறது என்றேன். பெயருக்குக் கீழே தேதியும் போட்டிருந்தாள்: 1998 செப்டம்பர் 2, புதன்கிழமை.